இலவசப் பரிசோதனையும் டாக்ஸிக்குக் கொடுக்கும் காசும்

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்க அரசு தரும் கிராண்ட் என்ற உதவிப் பணத்துக்கும் பெண்களின் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கிராண்ட் எந்தக் கட்டியையும் கரைக்காதுதான். ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோய் மெல்ல வரும் நோய். இதை உண்டாக்கும் ஹெச்.பி.வி. கிருமி தொற்றிப் புற்றாக முற்றப் பொதுவாக 15, 20 வருஷம் ஆகும். ஹெச்.ஐ.வி. இருந்து மருந்து எடுக்காதவர்களுக்கு 5, 10 வருஷமே போதும். அத்தனை காலம் இருந்தும் நோய் நம் கையை விட்டு நழுவுகிறது என்றால், பல வீடுகளில் காரணம் கிளினிக் போக டாக்ஸிக்குக் கொடுக்கும் காசு.

2000-ல் தென்னாப்பிரிக்க அரசு வகுத்த திட்டத்தில் 30 வயது தாண்டிய பெண்ணுக்குப் பத்து வருஷத்துக்கு ஒன்றாக மூன்று பாப் ஸ்மியர், அதாவது கருப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, இலவசம். ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் புற்று வர ஆறு மடங்கு வாய்ப்பு. அதனால் பின்னாளில் வந்த விதிப்படி அவர்களுக்கு ஹெச்.ஐ.வி. தெரிந்தவுடன் ஒன்று, பிறகு 3 வருஷத்துக்கு ஒருமுறை.

பரிசோதனை சில நிமிஷ வேலை. நர்ஸ் ஸ்பேச்சுலா என்ற தட்டையான குச்சியைக் கருப்பை வாயில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வழித்ததைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தடவி, ஈரம் காயுமுன் செல்களைக் கெடாமல் வைக்கும் ஃபிக்ஸேட்டிவ் திரவத்தைத் தெளிக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் செல்கள் உருமாறிவிடும்; லேபில் படிக்க முடியாது. மாதவிலக்கு நாளில் போனாலும், முந்தின இரண்டு நாளில் உள்ளே கிரீம் போட்டாலும், கழுவினாலும் இதே கதிதான். ரிப்போர்ட்டில் 'மறுபடி எடுக்கவும்' என்று வரும்.

அந்த 'மறுபடி'யில்தான் ஆள் வராமல் போகிறார். இலவசம் என்பது கண்ணாடிக்கும் லேபுக்கும்தான், டாக்ஸிக்கு இல்லை. டர்பனில் சாட்ஸ்வர்த்திலோ பீனிக்ஸிலோ நாள்கூலிக்கு வேலை செய்யும் பெண் கிளினிக்கில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. ஏப்ரல் 2025-ல் ஒரு பிள்ளைக்குக் குழந்தை கிராண்ட் மாதம் 560 ராண்டாக இருந்தது. பிள்ளையின் சாப்பாட்டுக்கே போதாத தொகை. ஆனாலும் வளர்ப்பவர் கைக்கே நேராக வருவதால், இரண்டாம் முறை கிளினிக் போக யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

பணம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. ம்புமலாங்கா மாகாணத்தில் பள்ளிப் பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 80 சதவீத நாள் பள்ளிக்கு வந்தால் மாதம் பெண்ணுக்கு 100, பெற்றோருக்கு 200 ராண்ட் என்று கொடுத்தார்கள். 2016-ல் வெளியான முடிவில், பணத்தால் ஹெச்.ஐ.வி. தொற்று குறையவில்லை. பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பள்ளியை விடாத பெண்களுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. புற்றுநோயை அவர்கள் அளக்கவில்லை; ஆனால் ஹெச்.ஐ.வி. இல்லாத உடம்பு ஹெச்.பி.வி.யை இன்னும் நன்றாக எதிர்த்து நிற்கும்.

2014 முதல் ஹெச்.பி.வி. தடுப்பூசியும் பள்ளி வழியாகவே வந்தது. அரசுப் பள்ளிகளில் நாலாம் வகுப்பில் 9 வயது ஆன பெண்பிள்ளைகளுக்குப் போட்டார்கள். இந்தப் புற்றில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமான 16, 18 என்ற இரண்டு வகைக் கிருமிகளை அது தடுக்கும். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் ஊசி கிடையாது. அந்தப் படிவம் புத்தகப் பைக்குள் லஞ்ச் டப்பாவுக்கு அடியில் கசங்கிக் கிடந்தால், ஊசி போடும் நாளில் உங்கள் மகள் வெறுங்கையோடு திரும்புவாள். பையை நீங்களே திறந்து பாருங்கள்.

நோய் வந்துவிட்டால் கதிர்வீச்சு திங்கள் முதல் வெள்ளி வரை, சுமார் ஐந்து வாரம். கிட்டத்தட்ட 25 பயணம். பாதியில் நின்றால் சிகிச்சையின் பலன் குறையும். வேலைக்குப் போக முடியாதவர்கள் கிராண்ட் கொடுக்கும் அரசு அலுவலகமான சாசாவில் தற்காலிக ஊனமுற்றோர் கிராண்ட் கேட்கலாம், 6 முதல் 12 மாதம் வரை கிடைக்கும். மருத்துவ அறிக்கை 3 மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால் மனு நிற்காது. முதியோர் கிராண்ட் வாங்குபவர்கள் அரசு மருத்துவமனையில் பதிவு மேஜையிலேயே அதற்கான அத்தாட்சியைக் காட்டுங்கள், கட்டணம் கிடையாது.

மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால் பத்து வருஷக் கணக்கைப் பார்க்காதீர்கள். அந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள்.