ஒண்டும் படிக்கேல்லை, ரீச்சர் விளையாட விட்டவ

வணக்கம் நேயர்களே.

பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையிடம் படலையடியிலேயே நாங்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இண்டைக்கு என்ன படிச்சனீ?" பதிலும் அநேகமாக ஒன்றுதான்: "ஒண்டும் படிக்கேல்லை. ரீச்சர் விளையாட விட்டவ." இதைக் கேட்டதும் அம்மாவின் முகம் சுருங்கிப் போகும். அடுத்த நாள் காலையிலேயே அதிபரைக் காண வந்துவிடுகிற அப்பாமாரும் உண்டு. ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இன்றைக்கு அந்த "ஒண்டுமில்லை"யைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

காலையில் பிரார்த்தனை, தேவாரம், அப்புறம் இடாப்புக் கூப்பிடுதல். அது முடிந்ததும் பல வகுப்புகளில் பிள்ளைகள் செய்தி சொல்வார்கள். "எங்கட மாடு கண்டு போட்டிட்டுது." "மாமா கனடாவிலயிருந்து வாறார்." "அப்பாவும் அம்மாவும் ராத்திரிச் சண்டை." கடைசியாகச் சொன்ன செய்தியை ரீச்சர் அவசரமாக வேறு பக்கம் திருப்பிவிடுவார். ஊரில் எந்த வீட்டில் என்ன நடக்கிறதென்று முதலாம் வகுப்பு ரீச்சருக்குத் தெரிகிற அளவுக்குக் கிராம அலுவலரான விதானையாருக்கும் தெரியாது. ஆனால் அங்கே நடப்பது மொழிப்பாடம். எழுந்து நின்று, முப்பது பேர் கேட்க, தொடக்கமும் முடிவுமாக ஒரு விசயத்தைச் சொல்வது வளர்ந்தவர்களுக்கே கஷ்டம். இப்போது இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் எனக்கும் அது தெரிகிறது.

இலங்கையில் 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் வகுப்பறை வேலையை மூன்றாகப் பார்த்தது: வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை. தரம் ஒன்றிலும் இரண்டிலும் விளையாட்டுக்கு இடம் கூட. மேலே போகப்போக அது குறைந்து எழுத்து வேலை கூடும். ஆகவே பிள்ளை "விளையாடினனாங்கள்" என்று சொன்னால் அது பொய்யில்லை, ஆசிரியர் சும்மா இருந்தார் என்றும் அர்த்தமில்லை. சீர்திருத்தம் வந்தபோது, இதென்ன புதினம், மணலில் எழுதுவதாம் என்று சிலர் சிரித்தார்கள். நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தானே அ, ஆ பழகினார்கள்!

தரம் ஒன்றில் ஒரு பாயைச் சுற்றிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நடுவில் புளியங்கொட்டைக் குவியல். ஆளுக்குப் பத்து எண்ணி எடுக்கவேண்டும். ஒருத்தி எண்ணிக்கொண்டு போகும்போது ஒரு கொட்டையை இரண்டு தரம் தொட்டுவிடுகிறாள். பத்து என்கிறாள், கையில் இருப்பது ஒன்பது. பக்கத்துப் பிள்ளைக்கு அது பிடிபட்டுவிடுகிறது. உடனே வாக்குவாதம். ரீச்சர் தலையிடமாட்டார். இரண்டு பேரும் கொட்டைகளை வரிசையாக அடுக்கித் திரும்ப எண்ணுவார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண் என்ற விசயம் அந்தச் சண்டையில் மனதில் பதிகிற மாதிரிக் கொப்பியில் பதியாது. வீட்டுக்குப் போனதும், "புளியங்கொட்டை விளையாடினனான்." முடிந்தது கதை.

இனி எனக்கு மிகப் பிடித்த நாளுக்கு வருகிறேன். சிறுவர் சந்தை. மாணவர் சந்தை என்று சொல்கிற பள்ளிக்கூடங்களும் உண்டு. மரநிழலில் சாக்கு விரித்து, வீட்டு வளவில் கிடைத்ததையெல்லாம் பிள்ளைகள் கொண்டு வந்து விற்பார்கள். முருங்கைக்காய், வல்லாரைக் கட்டு, தேசிக்காய், வாழைப்பொத்தி, வெண்டிக்காய், காலத்துக்கு ஏற்றபடி பனங்கிழங்கு அல்லது புழுக்கொடியல். சத்தத்தில் யாழ்ப்பாணத்துத் தின்னவேலிச் சந்தைக்குக் குறைவில்லை.

தரம் மூன்றுப் பொடியன் ஒருவன். கழித்தல் கணக்கில் பக்கத்திலிருந்து கடன் வாங்குகிற இடம் வந்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பவன். அவனிடம் முப்பது ரூபாவுக்கு வல்லாரை வாங்கி நூறு ரூபாத் தாளை நீட்டினேன். ஒரு கணம் யோசித்தான். அப்புறம் ஒரு பத்து ரூபாவை என் கையில் வைத்து "நாப்பது" என்றான். ஒரு இருபதை வைத்து "அறுபது". இன்னொரு இருபது, "எண்பது". கடைசி இருபது, "நூறு. சரியோ ரீச்சர்?" சரிதான், எழுபது ரூபா. கழிக்கவேயில்லை, கூட்டிக்கொண்டே போய்விட்டான். கடைக்காரர் மிச்சம் தருவது இப்படித்தான். தகப்பனோடு கடைக்குப் போய்ப் பார்த்திருப்பான். அடுத்த நாள் அதே முறையைக் கரும்பலகையில் எழுதி வகுப்புக்கே காட்டினேன். அவன் பென்சிலைக் கடிப்பதை ஒரேயடியாக நிறுத்தினான் என்று சொல்லமாட்டேன், குறைந்தது.

இன்னொருவன் பத்து மாங்காய் எடுத்துக்கொண்டு ஒன்பதுக்குத்தான் காசு கொடுத்தான். ஏன் என்று கேட்டால், "கழிவு போகத்தானே!" தோட்டக்காரர் சந்தைக்குக் கொண்டு போகிற மரக்கறியில் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிவு என்று வியாபாரிகள் கழிக்கிற வழக்கத்தை அவன் வீட்டில் பேசக் கேட்டிருக்கிறான். விற்ற பிள்ளை விடுவாளா? அவளும் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. பெரியவர்கள் எத்தனையோ வருசமாகத் தீர்க்காத வழக்கை அந்த இரண்டு பேரும் ஒரு மாங்காயைப் பாதியாக வெட்டி முடித்தார்கள். உப்பும் தூளும் எங்கிருந்து வந்ததென்று நான் விசாரிக்கவில்லை.

இந்தச் சந்தையைக் கெடுப்பது யார் தெரியுமா? நாங்கள்தான், பெரியவர்கள். பிள்ளை கொண்டு வந்த முழுவதையும் தாயே முதல் ஆளாக வந்து வாங்கிவிடுவார், பிள்ளை தோற்றுவிடக்கூடாதாம். பிறகு சந்தை முடியும்வரை அது வெறுஞ்சாக்கில் குந்தியிருக்கும். சிலர் பேக்கரியில் கேக் வாங்கி அனுப்புவார்கள். சிலர் பிள்ளைக்குப் பின்னால் நின்று மிச்சக்காசைத் தாங்களே எண்ணிக் கொடுப்பார்கள். அப்படியென்றால் அது அம்மாமார் சந்தை.

மற்றக் கொண்டாட்டங்களிலும் இதே கதை. ஜனவரியில் தரம் ஒன்றுக்குக் கால்கோள் விழா. தரம் இரண்டுப் பிள்ளைகள் வாசலில் நின்று புதியவர்களைக் கைபிடித்துக் கூட்டி வருவார்கள். போன வருசம் இதே வாசலில் அழுதவர்கள்தான், இப்போது பெரிய ஆட்கள். அந்தக் கைபிடித்தல்தான் விழா, அது ஐந்து நிமிசம். மிச்சமெல்லாம் விருந்தினர் உரை.

முதலாம் தவணையில் விளையாட்டுப் போட்டி. தேசிக்காயும் கரண்டியும், பழம் பொறுக்குதல், தொப்பி மாற்றுதல், வினோத உடை. பந்தல் நிழலில் விருந்தினர், வெயிலில் பிள்ளைகள். இந்த ஒழுங்கை மாற்றி, பந்தலைப் பிள்ளைகளுக்குப் போட்டால் பேச்சுக்கள் தானாகவே சுருங்கும் என்று ஒரு கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைப் பாடாத பிள்ளை யாழ்ப்பாணத்தில் இருக்காது. அந்தப் பாட்டில் வரும் பிள்ளைகளுக்கு ஆடிப்பிறப்பன்று பள்ளிக்கூடம் விடுமுறை. எங்கள் பிள்ளைகளோ பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டு அதைப் பாடுகிறார்கள். ஒரு கெட்டிக்காரி இதை என்னிடம் கேட்டே விட்டாள். கூழைக் கையில் கொடுத்துச் சமாளித்தேன்.

ஒக்ரோபர் வந்தால் எல்லாம் ஒன்றாக வரும். முதலாம் திகதி சிறுவர் தினம், ஆறாம் திகதி ஆசிரியர் தினம், அதை ஒட்டி நவராத்திரி. ஒவ்வொரு நாள் பூசையையும் ஒவ்வொரு வகுப்பு பொறுப்பெடுக்கும். கும்பம் வைக்க மாவிலை கொண்டு வருவது யார், கோலம் போடுவது யார், அவலுக்கு வெல்லம் யார் என்று தரம் நான்குப் பிள்ளைகள் கூடிப் பிரித்துக்கொள்வதைப் பார்த்தால் சில சங்கங்களின் நிர்வாகக் கூட்டங்களை அங்கே நடத்தலாம் போலிருக்கும். சகலகலாவல்லி மாலையின் பத்துப் பாட்டையும் பாடி முடிக்கும்வரை கண் அம்பாளிலும் இருக்கும், அவல் சட்டியிலும் இருக்கும். சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் வைக்கச் சொன்னால் முதலில் வருவது கணிதப் புத்தகம். பூசையில் வைத்ததை எடுத்துப் படிக்கக்கூடாதல்லவா! அடுத்த நாள் விஜயதசமி. தட்டில் பரப்பிய பச்சையரிசியில் மூன்று வயதுத் தம்பிக்கோ தங்கைக்கோ ஏடு தொடக்க, மூத்தது பக்கத்தில் நின்று "இப்பிடி வளை, இப்பிடி வளை" என்று கையைப் பிடிக்கும். ஆண்டு முடிகிற நேரம் கிறிஸ்மஸை ஒட்டி ஒளி விழா. மேய்ப்பர் வேசத்துக்குத் திருநீற்றோடு வருகிற பிள்ளையின் நெற்றியை யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

ஒரு மனக்குறையையும் சொல்லவேண்டும். தரம் ஐந்து வந்ததும் இவையெல்லாம் நின்றுவிடுகின்றன. புலமைப்பரிசில் பரீட்சை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையும் கிடைக்க அது வழி என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதன் நிழல் இப்போது தரம் மூன்றுவரை வந்துவிட்டது. பின்னேரம் ரியூசன், சனி ஞாயிறு மாதிரி வினாத்தாள். "சந்தைக்கு வரேல்லை ரீச்சர், அண்டைக்குக் கிளாஸ்" என்று எட்டு வயதுப் பிள்ளை சொல்லும்போது எனக்குக் கோபம் பிள்ளையில் வருவதில்லை.

சரி, நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். இந்தத் தவணையில் உங்கள் பிள்ளை சந்தை என்று துண்டு கொண்டு வந்தால், வளவில் இருப்பதை அதுவே பிடுங்கிக் கட்டட்டும். தூக்கக்கூடிய அளவு போதும். விலையை அதுவே சொல்லட்டும். பத்தும் இருபதுமாகக் கொஞ்சம் மாற்றின காசு மட்டும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள், காலையில் எல்லாரும் நூறு ரூபாத் தாளோடுதான் வந்து நிற்பார்கள். நீங்கள் போவதென்றால் பத்து மணிக்குப் பிறகு போங்கள், வேறு பிள்ளையிடம் வாங்குங்கள்.

நன்றி, வணக்கம்.