சிறுவயது நினைவை எவ்வளவு நம்பி எழுதலாம்? – காங்கேயம் வாசகியின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் காங்கேயத்துக்கு அருகிலிருந்து ஓர் அம்மா அனுப்பியுள்ள கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவர் தம் இளமைக்காலத்தைப் புத்தகமாக எழுதிவருகிறார். தோட்டத்துக் கிணற்றுக்கு மின்மோட்டார் வந்த பிறகு, அதுவரை கவலை (மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் அமைப்பு) இறைத்த காளைச் சோடியைக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிச்சென்ற விடியற்காலையைப் பற்றி அதில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. கட்டுத்தரையில் அப்பா ஒரு காளையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு அழுததையும், 5 வயதுச் சிறுமியான தாம் சிவப்புப் பாவாடையோடு அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு அருகில் நின்றதையும் அவர் எழுதியிருக்கிறார். அதைப் படித்த அண்ணன், "நீ அன்னைக்கு அம்மிச்சி ஊருல இருந்தே. இது ஆத்தா சொல்லிக் கேட்ட கதை" என்று சொல்லிவிட்டாராம். (அம்மிச்சி என்றால் அம்மாவின் அம்மா, ஆத்தா என்றால் அப்பாவின் அம்மா.) "கண்ணை மூடினால் இன்றும் தெரிகிறதே, இதைப் பொய் என்று எப்படி எடுத்துவிடுவது? என் நினைவை நான் எவ்வளவுதான் நம்பலாம்?" என்று கேட்கிறார்.

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் நீங்களும் பொய் சொல்லவில்லை, உங்கள் அண்ணனும் பொய் சொல்லவில்லை. ஆனால் "கண்ணை மூடினால் தெரிகிறது" என்பதை மட்டும் சாட்சியாக வைக்க முடியாது. குழந்தைகளின் மனவளர்ச்சியை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஸ்விட்சர்லாந்து அறிஞர் ஜான் பியாஜேவுக்கே இந்த அனுபவம் நேர்ந்தது. இரண்டு வயதில் தம்மைத் தள்ளுவண்டியில் வைத்து ஆயா தள்ளிச்சென்றபோது ஒருவன் கடத்த முயன்றதும், ஆயா தடுத்துப் போராடியதும், அவள் முகத்தில் கீறல் விழுந்ததும் அவருக்குப் படம்போல நினைவிருந்தன. அவருக்கு 15 வயதானபோது, அது முழுவதும் தான் கட்டிச்சொன்ன கதை என்று அந்த ஆயாவே குடும்பத்துக்கு எழுதி, பரிசாகப் பெற்ற கடிகாரத்தையும் திருப்பி அனுப்பிவிட்டாள். வீட்டில் பெரியவர்கள் அந்தக் கதையைச் சொல்லக் கேட்டு, கேட்டதைக் கண்டதாகத் தம் மனம் மாற்றிக்கொண்டது என்று பியாஜே பின்னர் எழுதினார்.

ஆத்தா கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி சொல்ல, பேரக்குழந்தைகள் சுற்றி அமர்ந்து கேட்ட எத்தனையோ இரவுகள் நம் வீடுகளில் கழிந்திருக்கின்றன. அப்படிக் கேட்ட கதைக்குக் குழந்தையின் மனம் உடனே ஒரு களம் அமைத்துக்கொள்ளும். கட்டுத்தரையும் காளையும் அரிக்கேன் விளக்கும் அந்தக் குழந்தை அன்றாடம் பார்த்தவைதாம். ஆகவே கதைக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் உண்மையானவையாகவே இருக்கும். அந்த விடியற்காலையில் அந்தக் குழந்தை அங்கே இருந்தது மட்டுமே கேள்விக்குரியதாகிறது. அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்களான எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், 24 பேரிடம் அவர்களுடைய சிறுவயதில் நடந்த மூன்று உண்மை நிகழ்ச்சிகளோடு, 5 வயதில் கடைவளாகம் ஒன்றில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க்கதையையும் உறவினர் சொன்னதாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர் அந்த நடக்காத நிகழ்ச்சியை முழுமையாகவோ ஓரளவோ நினைவுகூர்ந்தார். சொல்பவர் நம் குடும்பத்தவர் என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது.

நீங்கள் எழுதியதில் எனக்கு இன்னொரு சிறு குறிப்பும் பட்டது. உங்கள் பாவாடையின் நிறம் உங்களுக்குத் தெரிகிறது. அந்தக் காட்சிக்குள் உங்களையே வெளியிலிருந்து பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படித் தெரிவதால் மட்டும் ஒரு நினைவு பொய்யாகிவிடாது. உண்மையான பழைய நினைவுகளும் பலருக்கு அவ்வாறே தோன்றுகின்றன. ஆனாலும் நீங்கள் நிற்பதை நீங்களே பார்க்கும்போது, எங்கோ ஓரிடத்தில் மனம் அந்தக் காட்சியைத் திரும்பக் கட்டியிருக்கிறது என்பது உறுதி.

இதனால் அண்ணன் சொல்வதே தீர்ப்பு என்று ஆகிவிடாது. வயதில் மூத்தவர் என்பதாலும் உறுதியாகச் சொல்கிறார் என்பதாலும் பல வீடுகளில் ஒருவருடைய நினைவு மற்ற எல்லோருடைய நினைவையும் அடித்துவிடுகிறது. உறுதி எதற்கும் அளவுகோலாகாது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்த மறுநாள் காலையில், அந்தச் செய்தியை எங்கே, யார் மூலம் கேட்டீர்கள் என்று அமெரிக்க உளவியலாளர் உல்ரிக் நைஸர் தம் பல்கலைக்கழக மாணவர்களிடம் எழுதி வாங்கினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து 44 பேரிடம் மறுபடியும் கேட்டபோது, 11 பேருடைய நினைவில் முக்கியமான செய்தி ஒன்றுகூடச் சரியாக இல்லை. அவர்களில் சிலர் மிக உறுதியாகவே பதில் சொன்னார்கள். தம் கையெழுத்தில் இருந்த பழைய தாளைக் காட்டிய பிறகும் புதிய நினைவையே பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்கள் வயதுவந்த மாணவர்கள், இடைவெளியும் இரண்டரை ஆண்டுகள்தான். ஐம்பது ஆண்டுகள் கடந்த ஒரு விடியற்காலையைப் பற்றி நீங்களும் உங்கள் அண்ணனும் எந்த அளவுக்கு உறுதியோடு பேசலாம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

என் அனுபவத்தையும் சொல்லவேண்டும். கோபிச்செட்டிப்பாளையத்துக்கு அருகில் எங்கள் ஊரில் நான் 7 வயதில் கண்ட சூரிய கிரகணத்தைப் பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரை எழுதினேன். பட்டப்பகலில் நள்ளிரவைப்போல இருள் சூழ்ந்ததாகவும், பக்கத்தில் இருந்த அம்மாவின் முகம்கூடத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தேன். ஒரு வாசகர் கடிதம் எழுதி, அந்த ஆண்டைச் சரிபார்க்கச் சொன்னார். அது 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை பிற்பகலில் நிகழ்ந்த கிரகணம். சூரியன் முழுதாக மறைந்தது கர்நாடகத்தில் அங்கோலா, ராய்ச்சூர் வழியாக ஒடிசா வரை சென்ற பாதையில். அந்தப் பாதை நமக்கு வெகுதூரம் வடக்கே இருந்தது. நம் பகுதியில் சூரியனின் ஒரு பகுதிதான் மறைந்தது. வெயில் மங்கியிருக்குமே தவிர நள்ளிரவு வந்திருக்க வழியில்லை. எனக்குப் பெரும் வேதனையாகிவிட்டது. அந்த இருட்டு என் உடம்பில் இருந்தது. பிறகு என் அக்காவிடம் பேசும்போதுதான் விளங்கியது. கிரகணம் முடியும்வரை குழந்தைகளை வெளியே விடக்கூடாது என்று அப்பாரு (தாத்தா) கதவைத் தாழிட்டு, சன்னலுக்குச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். நான் கண்ட இருட்டு அந்த அறைக்குள் இருந்த இருட்டு. என் மனம் அதை அறையிலிருந்து எடுத்து வானத்தில் வைத்துவிட்டது.

அக்கா சொன்னதும் நினைவுதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வானத்தைப் பற்றிய செய்தியை யாருடைய நினைவையும் சாராமல் சரிபார்க்க முடிந்தது. சாக்கைப் பற்றிய செய்தியை அக்காவின் சொல்லாகவே எழுதினேன். திருத்திய கட்டுரையில் முதலில் எழுதியதையும், கடிதத்தையும், அக்கா சொன்னதையும் வரிசையாக வைத்தேன். அப்பாருவின் அச்சமும், ஒரு குழந்தை வானத்தைப் பார்க்காமலே கிரகணத்தை அறிந்த விதமும் அதன் பிறகுதான் கட்டுரைக்குள் வந்தன. முன்பு எழுதியதைவிட அது நல்ல கட்டுரை என்றே இன்றும் நம்புகிறேன்.

எதை நம்பலாம் என்பதற்கு வருகிறேன். மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய நினைவு என்று எதைச் சொன்னாலும், அது பிறர் சொல்லியோ புகைப்படத்தைப் பார்த்தோ வந்தது என்றே முதலில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு முதல் நினைவு அந்த வயதையொட்டியே தொடங்குகிறது. அதற்குப் பிந்தியவற்றில், ஒருமுறை மட்டும் நடந்ததைவிடத் திரும்பத் திரும்ப நடந்தது நம்பத்தக்கது. நீர் மொள்ளும் சால் கிணற்றுக்குள் இறங்கும்போது உருளை எழுப்பிய ஒலி, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிய மணம், கவலை ஓட்டியவர் பாடிய பாட்டின் மெட்டு ஆகியவை நூற்றுக்கணக்கான காலைகளில் படிந்தவை. அவற்றைத் தயங்காமல் எழுதுங்கள். ஆண்டு, கிழமை, விலை, எது முதலில் எது பின்னால் என்ற வரிசை ஆகியவற்றில் நினைவை நம்பவேண்டாம். நீண்ட உரையாடலை மேற்கோள் குறிக்குள் போடவேண்டாம். 5 வயதில் கேட்ட பேச்சில் ஒரு சொல்லோ ஒரு வசையோ அப்படியே தங்கியிருக்கும், பத்து வரி தங்கியிருக்காது.

சரிபார்ப்பதற்கு நம் வீடுகளிலேயே தாள்கள் இருக்கின்றன. மோட்டாருக்கு வாங்கிய மின் இணைப்பின் தாள்களில் தேதி இருக்கும்; அது கிடைத்தால் காளைகளை எந்த ஆண்டுக்குப் பிறகு விற்றிருக்கமுடியும் என்பது தெரிந்துவிடும். பள்ளி மாற்றுச் சான்றிதழ், கிரயப் பத்திரம், கோயில் குடமுழுக்கு அழைப்பிதழ் எல்லாமே உதவும். எல்லாவற்றையும்விட நான் மதிப்பது மொய் நோட்டை. யார் எந்தத் தேதியில் எந்தக் கல்யாணத்துக்கு வந்தார்கள் என்பதை அதைப்போலச் சொல்லும் ஆவணம் நம் பக்கத்தில் வேறில்லை. நீங்கள் அம்மிச்சி ஊருக்குப் போயிருந்தது ஏதாவது விசேஷத்துக்காக இருந்தால், அந்த வீட்டு மொய் நோட்டில் உங்கள் அப்பாவின் பெயர் இருக்கலாம். இன்னொன்று, கண்ணபுரத்து மாட்டுச் சந்தை சித்திரையில் தேர்த்திருவிழாவையொட்டிக் கூடுவது. உங்கள் அத்தியாயத்தில் ஐப்பசி அடைமழை பெய்கிறது. சந்தை வேறாக இருக்கவேண்டும், அல்லது மழை வேறொரு நாளிலிருந்து வந்திருக்கவேண்டும். ஊரறிந்த நிகழ்ச்சிகளுக்கும் இதே முறைதான். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1972இல் விவசாயிகள் மாட்டுவண்டிகளோடு கோவையை நிறைத்த போராட்டத்தில் அப்பாவின் மடியில் அமர்ந்து போனேன் என்று எழுதுபவர், தம் பிறந்த ஆண்டோடு அதை ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு எழுதவேண்டும்.

ஓர் இடத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். சித்தப்பா ஏமாற்றிக் காட்டை எழுதி வாங்கினார், அத்தை நகையை எடுத்தார் என்று இன்னொருவர்மேல் பழி சேர்க்கும் நினைவை, வில்லங்கச் சான்றோ வேறு தாளோ கையில் இல்லாமல் நடந்ததாக எழுதக்கூடாது. இறந்தவர் மறுப்புச் சொல்ல வரமாட்டார். வீட்டில் அப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்த உண்மையானால், அந்த அளவோடு எழுதி நிறுத்துங்கள்.

உங்கள் அத்தியாயத்தை எடுக்கவேண்டாம் அம்மா. வரிக்கு வரி "என்று நினைக்கிறேன்" என்று சேர்த்து அதை நீர்த்துப்போகச் செய்யவும் வேண்டாம். உங்களுக்குத் தெரியும் காட்சியை முழு நம்பிக்கையோடு முதலில் எழுதுங்கள். பிறகு அண்ணன் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். அடுத்து ஆத்தாவுக்கு வாருங்கள். அவர் சொன்ன கதைதான் இது என்றால், மகன் கொம்பைப் பிடித்து அழுததைப் பார்த்தவர் அவர். பேத்தியின் கண்ணுக்குள் நிற்கும்படி எத்தனை இரவுகள் அதைச் சொல்லியிருக்கவேண்டும், ஏன் அதையே திரும்பச் சொன்னார் என்பதெல்லாம் நீங்கள் மட்டுமே எழுதக்கூடியவை. அதற்கு முன்பு அண்ணனிடம் ஒருமுறை போய் உட்காருங்கள். யார் சொல்வது சரி என்று வாதாட வேண்டாம். அன்றைக்கு அந்த அரிக்கேன் விளக்கைப் பிடித்திருந்தது யார் என்று மட்டும் கேளுங்கள். அவர் என்ன பதில் சொன்னாலும், அவருக்கே தெரியவில்லை என்றாலும், அதையும் அந்த அத்தியாயத்துக்குள் எழுதுங்கள்.