ஆன்ம அப்பம்: ஹாலோவீன் இரவில் கதவைத் தட்டியவர்கள்

[திரையில்: இலையுதிர்கால மாலை. ஒரு வீட்டு வாசற்படியில் பூசணிக்காய் விளக்கு.]

அக்டோபர் 31 நெருங்கும்போது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் ஒரு கேள்வி எழும். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் வேடம் போடுகிறார்கள். நம் பிள்ளையை அனுப்பலாமா? இது பேய்ப் பண்டிகை ஆயிற்றே?

அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். பதில் சொல்லும் முன் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 'ஹாலோ' என்றால் பழைய ஆங்கிலத்தில் புனிதர். 'ஈன்' என்றால் மாலை. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா. அதற்கு முந்தைய மாலைதான் ஹாலோவீன். மறுநாள், நவம்பர் 2? அது நமக்கு நன்றாகவே தெரிந்த நாள். புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோமே, அந்தக் கல்லறைத் திருநாள். ஹாலோவீனிலிருந்து இரண்டே நாள் நடந்தால் நம் ஊர்க் கல்லறைத் தோட்டம் வந்துவிடுகிறது.

[திரையில்: ரோமின் பாந்தியன்.]

அயர்லாந்தின் பழைய சௌவின் பண்டிகைக்குச் சபை வேறு பெயர் சூட்டியதுதான் ஹாலோவீன் என்று அடிக்கடி சொல்வார்கள். குளிர்காலம் தொடங்கும் நாளாகச் சௌவின் அங்கே நவம்பர் 1ஐ ஒட்டி இருந்தது உண்மை. அதன் வழக்கங்கள் சில கலந்தும் இருக்கலாம். ஆனால் தேதியைப் பாருங்கள். ரோமில் பாந்தியன் கோயில் 609 வாக்கில் மரியன்னைக்கும் மறைசாட்சிகள் எல்லாருக்கும் அர்ப்பணிக்கப்பட்டது மே 13இல். அயர்லாந்துச் சபையோ புனிதர்களின் விழாவை ஏப்ரல் 20இல் வைத்திருந்தது. சௌவினின் சொந்த மண்ணிலேயே வேறு தேதி! நவம்பர் 1 என்பது இங்கிலாந்திலும் ஜெர்மானிய நாடுகளிலும் வேரூன்றி, 835இல் இன்றைய பிரான்ஸ், ஜெர்மனி பகுதிகளை ஆண்ட பிராங்கியப் பேரரசு முழுவதற்கும் வந்தது. நவம்பர் 2ஐ இறந்தோருக்காக ஒதுக்கியவர், பிரான்சின் க்ளூனி மடத்துத் தலைவர் ஓதிலோ.

[திரையில்: சிலுவைக் கீறலுடன் சிறிய வட்ட அப்பங்கள்.]

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இடைக்கால இங்கிலாந்தில் இந்த நாட்களில் வீட்டுக்கு வீடு சின்னச் சின்ன அப்பங்கள் சுடுவார்கள். பிற்காலச் செய்முறைகளில் ஜாதிக்காய், லவங்கப்பட்டை, உலர்திராட்சை எல்லாம் உண்டு. மேலே ஒரு சிலுவைக் கீறல். பெயர் 'சோல் கேக்', ஆன்ம அப்பம். ஏழைகளும் பிள்ளைகளும் பாடிக்கொண்டே வாசலுக்கு வருவார்கள். வீட்டார் அப்பம் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் அந்த வீட்டில் இறந்துபோனவர்களுக்காக ஜெபிப்பார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பசியோடு நிற்கும் ஒருவருடைய ஜெபம் என் அம்மாவுக்கு வேண்டும் என்று கேட்டுக் கதவைத் திறக்கிறார்கள். கொடுப்பவர் பெரியவரா, வாங்குபவர் பெரியவரா என்று சொல்லவே முடியாது. 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இறந்தோருக்கான ஜெபத்தை ஆங்கிலச் சபை விலக்கியது. அனைத்துப் புனிதர் விழா இரவில் ஒலித்த கோயில் மணிகளையும் தடுத்தது. ஆனாலும் செஷயர், ஷ்ராப்ஷயர் பகுதிகளில் பிள்ளைகள் 19ஆம் நூற்றாண்டிலும் அப்பம் கேட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். இன்று மிட்டாய்ப் பையோடு வரும் பிள்ளையைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வருகிறது.

பூசணி விளக்கு பிற்காலத்தது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்கா போனபோது பூசணி கிடைத்தது. பூசணியின் உள்ளே சுரண்டி எடுப்பதைப் பாவம் நீங்குவதற்கு ஒப்பிட்டு ஞாயிறு பள்ளிகளில் சொல்வார்கள். சிறு பிள்ளைகளுக்கு அது நல்ல பாடம்தான். எனக்கு அந்தத் திறந்த கதவுதான் பெரிது.

[திரையில்: உழுத வயல், மேலே காய்ந்த இலைகள்.]

இன்னொன்று, அந்தப் பருவம். வட ஐரோப்பாவில் இலை உதிர்ந்து, பகல் சுருங்கி, எல்லாம் செத்துப்போவது போலத் தோன்றும் இதே வாரங்களில்தான் விவசாயிகள் குளிர்காலக் கோதுமையை விதைக்கிறார்கள். பனிக்கடியில் கிடந்து, அடுத்த கோடையில் அது அறுவடைக்கு வரும். "கோதுமை மணியானது நிலத்தில் விழுந்து சாகாவிட்டால் தனித்திருக்கும், செத்ததேயாகில் மிகுந்த பலனைக் கொடுக்கும்" என்று இயேசு சொன்னதை அந்த வயலோரம் நின்று வாசித்துப் பாருங்கள். இறந்தோரை நினைக்கும் நாட்கள் அந்த மக்களுக்கு அங்கே எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்!

சரி, பிள்ளையை அனுப்பலாமா? இரத்தமும் கொடூரமும் காட்டும் வேடம் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு புனிதரின் வேடம் போடலாம். வீட்டிலேயே இருந்தாலும் குறையில்லை. ஆனால் விளக்கை அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்காராதீர்கள். வருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுங்கள். அவர்கள் போனபின் சாப்பாட்டு மேசையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, தாத்தா, பாட்டி, இந்த வருடம் பிரிந்தவர்கள் என ஒவ்வொரு பெயராகப் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். கத்தோலிக்கர்கள் அவர்களுக்காக ஜெபிப்போம். மற்ற சபையார் அவர்களைத் தந்ததற்காக நன்றி சொல்லலாம். பாட்டியின் பெயர் பேரனுக்குத் தெரியவில்லை என்றால், அன்றைக்குச் சொல்லிக்கொடுங்கள்.