ஜப்பானில் வீடு: வாசலை அளந்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானில் நிலம் வாங்க ஜப்பானியராக இருக்க வேண்டியதில்லை. அங்கே குடியிருக்கவும் வேண்டியதில்லை. சுற்றுலா போனவர்கூட மனையோடு வீட்டைத் தன் பெயரிலேயே கிரயம் செய்துகொள்ளலாம். ஆனால் சொத்து வாங்கியதால் விசா வராது. இரண்டையும் முடிச்சுப் போடுகிற தரகர் கிடைத்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள்.

2023-ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் ஆளில்லாத வீடுகள் ஏறக்குறைய 90 லட்சம். ‘அகியா’ என்பார்கள். உள்ளூர் நிர்வாகங்களே ‘அகியா பேங்க்’ என்று பட்டியல் போட்டு விற்க உதவுகின்றன. விலையைப் பார்த்தால் கை பரபரக்கும். இவ்வளவு மலிவு ஏன் என்று கேளுங்கள். காரணம் பல நேரம் வீட்டுக்குள் இருக்காது, வாசலில் இருக்கும்.

ஜப்பானியக் கட்டடச் சட்டப்படி, மனையானது 4 மீட்டர் அகலச் சாலையைக் குறைந்தது 2 மீட்டர் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சட்டம் வந்தது 1950-இல். அதற்கு முன்பே உண்டான சந்துகள் டோக்கியோவின் பழைய பகுதிகளில் ஏராளம். முன்மனையை ஒட்டி ஓர் ஒடுக்கமான நடை, அதன் கடைசியில் வீடு. மனை சாலையைத் தொடுவது அந்த நடையின் அகலத்தில் மட்டும்தான். அதில் டேப் பிடித்துப் பார்த்தால் 1.8 மீட்டர் என்று வையுங்கள். இருக்கிற வீட்டில் குடியிருக்கலாம். இடித்துவிட்டால் பொதுவாக மறுபடி கட்ட அனுமதி கிடையாது. விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘சைக்கென்ச்சிக்கு ஃபுக்கா’, அதாவது மறுகட்டுமானம் கூடாது என்று போட்டிருப்பது இதைத்தான். வங்கிக் கடனும் அநேகமாகக் கிடைக்காது.

“இடிக்க வேண்டாம், உள்ளுக்குள்ளேயே புதுப்பிக்கலாம்” என்று சமாதானம் சொல்வார்கள். 2025 ஏப்ரல் முதல் அதுவும் இறுகிவிட்டது. மாடியுள்ள மர வீட்டில் தூண், உத்தரம், கூரை போன்ற முக்கிய பாகம் ஒன்றில் பாதிக்கு மேல் மாற்றினால் கட்டட அனுமதிச் சரிபார்ப்பு வேண்டும். சாலையைச் சரியாகத் தொடாத மனை அங்கே மாட்டிக்கொள்ளும்.

4 மீட்டருக்குக் குறைந்த சில பழைய சந்துகளைச் சட்டம் சாலையாக ஏற்கிறது. அப்போது புது வீட்டைச் சந்தின் நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளித்தான் கட்ட வேண்டும். சந்து 3 மீட்டர், மனை முகப்பு 10 மீட்டர் என்றால் 5 சதுர மீட்டர் கைவிட்டுப் போகும்.

அடுத்து ஒரு தேதி: 1981 ஜூன் 1. நில அதிர்வுக்கான புதிய விதி நடைமுறைக்கு வந்த நாள். பார்க்க வேண்டியது கட்டி முடித்த தேதியை அல்ல, கட்டட அனுமதி பெற்ற தேதியை. 1982-இல் குடிபுகுந்த அடுக்ககம்கூடப் பழைய விதிப்படி கட்டியதாக இருக்கலாம். மர வீட்டுக்கு 2000-இல் விதி இன்னும் கடுமையானது.

இவையெல்லாம் ‘ஜூயோ ஜிகோ செட்சுமேய்ஷோ’ என்ற முக்கிய விவர ஆவணத்தில் இருக்கும். ஒப்பந்தத்துக்கு முன் உரிமம் பெற்ற முகவர் அதை விளக்கியே ஆக வேண்டும். கையெழுத்திடும் நாளன்றே காலையில் படபடவென்று படித்துவிட்டுப் பேனாவை நீட்டுகிற பழக்கம் உண்டு. நகலை ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்குங்கள். அடுக்ககமானால் பராமரிப்புக் கட்டண பாக்கியைத் தேடுங்கள். முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கியைச் சங்கம் உங்களிடம் வசூலிக்கலாம். பட்டியலில் விளைநிலம் சேர்ந்திருந்தால் வேளாண் குழுவின் அனுமதி இல்லாமல் கிரயம் செல்லாது.

கையெழுத்தின்போது அட்வான்ஸ் வழக்கமாக 5 முதல் 10 சதவீதம். நீங்கள் பின்வாங்கினால் அது போச்சு. விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். தரகுக்கு உச்சவரம்பு உண்டு: 2 கோடி யென் வீட்டுக்கு 3 சதவீதமும் 60,000 யென்னும், அதன்மேல் 10 சதவீத வரி, ஆக 7,26,000 யென். 80 லட்சம் யென்னுக்கு உட்பட்ட வீட்டுக்கு 2024 ஜூலை முதல் 3,30,000 யென் வரை கேட்கலாம். மலிவு வீட்டில் இது உறுத்தும்.

பதிவு வேலையை ‘ஷிஹோ ஷோஷி’ என்ற பதிவு வல்லுநர் பார்ப்பார். அவர் தாள்களைச் சரிபார்த்துத் தலையாட்டிய பிறகே பணம் கைமாறும். ஜப்பானில் வசிக்காதவர் முத்திரைச் சான்றுக்கு (முத்திரை அவருடையதுதான் என்று உள்ளூர் நிர்வாகம் தரும் சான்று) பதிலாக நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கலாம். பதிவு முடிந்ததும் 12 எழுத்தும் எண்ணும் கலந்த ரகசியக் குறி வரும். தொலைத்தால் மறுபடி தரமாட்டார்கள். இந்தியாவிலிருந்து பணம் அனுப்புபவருக்கு ரிசர்வ் வங்கி வரம்பு ஆளுக்கு ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர். அட்வான்ஸும் மீதித் தொகையும் அதற்குள் அடங்குமா என்று முதலிலேயே பாருங்கள்.

சாவி வாங்கிச் சில மாதம் கழித்து ‘சொத்து பெற்ற வரி’ என்று ஒரு சீட்டு வரும். குடியிருப்புக்கு அரசு மதிப்பீட்டில் பொதுவாக 3 சதவீதம். ஆண்டுச் சொத்து வரி 1.4 சதவீதம், ஜனவரி 1 அன்று யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. வெளிநாட்டில் இருப்பவர் இந்தச் சீட்டுகளை வாங்கிக் கட்ட ‘நோஸேய் கன்ரிநின்’ என்ற வரிப் பொறுப்பாளரை ஜப்பானில் நியமிக்க வேண்டும். வாங்கும்போதே நியமித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சீட்டு பூட்டிய வீட்டின் தபால்பெட்டியில் கிடக்கும், தாமத வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

வணக்கம்.