பச்சை விளக்கு எரிந்த பின்னும்

நேயர்களுக்கு வணக்கம்.

வங்கியிலோ வைத்தியசாலையிலோ "சிஸ்டம் வேலை செய்யேல்லை, பிறகு வாங்கோ" என்ற பதிலோடு வீடு திரும்பாதவர்கள் எங்களில் குறைவு. அந்தச் சிஸ்டத்துக்குப் பின்னால், குளிரூட்டிய அறையொன்றில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளின் மென்பொருளை இற்றைப்படுத்துவது பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

முன்பெல்லாம் சேர்வர்கள் ஓரிடத்திலும், தரவைச் சேமிக்கும் ஸ்டோரேஜ் பெட்டி வேறிடத்திலும் இருந்தன. ஹைப்பர்கொன்வேர்ஜ்ட் எனப்படும் அமைப்பில் ஒவ்வொரு சேர்வரும் தன் டிஸ்க்குகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்க, மென்பொருள் அவற்றை ஒன்றுசேர்த்து ஒரே களஞ்சியமாகக் காட்டுகிறது. 2009இல் தொடங்கப்பட்ட நியூட்டானிக்ஸ் இதில் பெயர் பெற்றது. விஎம்வெயார் நிறுவனம் 2014இல் இதே வேலையைச் செய்யும் விசான் மென்பொருளைக் கொண்டுவந்தது. விஎம்வெயாரின் சேர்வர் மென்பொருளான விஸ்பியரின் 7ஆம் பதிப்புக்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 2ஆம் திகதியுடன் முடிந்துவிட்டதால், விருப்பமோ இல்லையோ, அதை வைத்திருப்பவர்கள் புதிய பதிப்புக்கு ஏறியாக வேண்டும்.

ஏறுவது இப்படித்தான். ஒரு சேர்வரில், அதாவது ஒரு நோட்டில், இயங்கும் மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது மென்பொருளாலான கணினிகளை, அவை நிற்காதபடியே மற்ற நோட்டுகளுக்கு நகர்த்திவிட்டு, அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோய், புதிய மென்பொருளை ஏற்றி, மீளத் தொடக்கிய பின் அடுத்த நோட்டுக்குப் போகிறோம். கோடையில் நாங்கள் கிணறு இறைப்பதும் இதே ஒழுங்கில்தான். இறைத்துச் சேறள்ளும் வீட்டார் அன்று அயல்வீட்டுக் கிணற்றில் அள்ளுவார்கள். ஊற்று ஊறித் தண்ணீர் தெளியுமுன் அயல்வீட்டாரும் இறைக்கத் தொடங்கினால் இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் இராது.

செலவு கருதிப் பலர் மூன்று நோட்டுகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 512 கிகாபைட் நினைவகம் இருந்து, அதில் 400 நிரம்பியிருந்தால், மொத்தச் சுமை 1200. ஒன்றை நிறுத்தியதும் எஞ்சும் இரண்டுக்கும் சேர்த்து 1024 மட்டுமே உண்டு. இந்தக் கணக்கை வாங்கும்போது பார்க்காமல், இற்றைப்படுத்தும் இரவில் பார்க்கிறார்கள். விசானில் மூன்று நோட்டுகள் என்றால், ஒரு தரவின் பிரதிகள் இரண்டில் இருக்க, மூன்றாவது, எந்தப் பக்கம் செல்லும் என்று தீர்மானிக்க உதவும் சாட்சியாக நிற்கும். ஒரு நோட் 60 நிமிடங்களுக்கு மேல் வராவிட்டால் இழந்த பிரதியை வேறிடத்தில் மீளக் கட்ட வேண்டும். ஆனால் கட்டுவதற்கு நான்காவது நோட் இராது. நான்காக வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி என் தவறு ஒன்று. இங்குள்ள ஒரு நிறுவனத்தில் இரவு முதல் நோட்டை முடித்தேன். அது திரும்பி வந்து பச்சை காட்டியது. அது இல்லாத வேளையில் எழுதப்பட்ட தரவு இன்னும் அதற்கு வந்து சேரவில்லை என்பதைத் திரையின் இன்னொரு பக்கம் மீதமுள்ள கிகாபைட்டுகளாகக் காட்டிக்கொண்டிருந்தது. விடியுமுன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. தரவை நகர்த்தாமலே நிறுத்தும் தெரிவைச் சொடுக்கி, எச்சரிக்கையையும் கடந்து, இரண்டாவது நோட்டை நிறுத்தினேன். புதிய பிரதி அந்த நோட்டில் மட்டுமே இருந்தபடியால் கணக்குப் பிரிவின் மெய்நிகர் இயந்திரங்கள் நின்ற இடத்திலேயே உறைந்தன. சேர்வர் ஒன்று நினைவகத்தைச் சோதித்து எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை அன்றுதான் நிமிடம் நிமிடமாக எண்ணினேன். நோட் திரும்பியதும் தரவு முழுதாகவே இருந்தது. தரவுத்தளம் மட்டும் தன்னைச் சரிபார்த்து எழ விடிந்துவிட்டது.

அதன் பிறகு, மீதம் பூச்சியம் என்று திரை காட்டும்வரை, இரண்டு மணித்தியாலம் ஆனாலும், பிளேன்ரீயோடு அந்த அறை வாசலில் இருந்துவிட்டுத்தான் அடுத்த நோட்டைத் தொடுகிறேன்.