ஒரே ஊசிக்கு மூன்று விலை! வாளையாறு தாண்டிப் போன ஒரு பாஸ்புக் கதை

வணக்கம் மக்களே. 2021 மே மாதம். ஒரே கம்பெனி, ஒரே மருந்து, ஒரே கோவிஷீல்டு கொரோனா தடுப்பூசி. மத்திய அரசு வாங்கினால் டோஸ் 150 ரூபாய். மாநில அரசு வாங்கினால் 300. தனியார் மருத்துவமனைக்கு 600. மாநிலங்களுக்கு முதலில் 400 என்றுதான் அறிவித்தார்கள். சத்தம் கிளம்பிய பிறகு நூறு ரூபாய் குறைந்தது.

(திரையில் மூன்று விலைகளும் பெரிதாக)

இதை ஏன் தமிழ்நாடு-கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உட்கார்ந்து பேசுகிறேன்? இந்தக் கோளாறுக்கான மருந்தை நம் எல்லைக்கு இரண்டு பக்கமும் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால்தான்.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன், தூங்கிவிடாதீர்கள். எது யார் அதிகாரம் என்று அரசியல் சட்டம் மூன்று பட்டியல் போட்டிருக்கிறது. மருத்துவமனையும் சுகாதாரமும் மாநிலப் பட்டியல். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்று பரவாமல் தடுப்பது இரண்டு அரசுக்கும் உரிய பொதுப் பட்டியல். மாநிலங்களுக்கு இடையிலான தனிமைப்படுத்தல் மத்தியப் பட்டியல். 2020 மே மாதம் ஊரடங்கில் எல்லை தாண்டும் பாஸ் கிடைக்காமல், கோவை-பாலக்காடு சாலையில் உள்ள வாளையாறு செக்போஸ்ட்டில் வெயிலில் நின்றவர்களுக்கு இந்த மூன்று பட்டியலாலும் ஒரு வாய் தண்ணீர் கிடைக்கவில்லை. அரசுகளின் சுகாதாரச் செலவை 2025-க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை எழுதி வைத்தது. சரி, பின்னணி முடிந்தது.

இப்போது எனக்குப் பிடித்த இடம். எல்லோரும் 'எத்தனை கோடி ஒதுக்கினார்கள்' என்றுதான் கேட்கிறோம். அந்தக் கோடியை வைத்து மாத்திரையை யார் வாங்குகிறார்கள், எப்படி வாங்குகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் 1994-ல் மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மொத்த மாநிலத்துக்கும் ஒரே டெண்டர். பிராண்ட் பெயர் கிடையாது, மருந்தின் பெயர்தான். அந்த மருந்து மாவட்டக் கிடங்குக்கு வரும். அப்புறம் ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஆமாம், பேங்கில் தருகிற மாதிரியே! இந்த வருஷம் உனக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று வரவு வைத்துவிடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் கிடங்குக்குப் போய் வேண்டியதை எடுத்துக்கொள்ளும், எடுத்த மதிப்பு பாஸ்புக்கில் கழியும். எந்த மருந்து வேண்டும் என்பது சென்னைக்காரர் தலையில் இல்லை, இங்கே காய்ச்சல் பார்க்கிற டாக்டர் கையில்.

இதைவிட ருசியான விஷயம் தரப் பரிசோதனை. வந்த மருந்திலிருந்து மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, வெறும் குறியீட்டு எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மாத்திரையைச் சோதிக்கிறோம் என்று சோதிக்கிறவருக்கே தெரியாது. கவரை எங்கே கொடுப்பது என்று கம்பெனிக்காரர் குழம்பிப் போவார்! வீட்டில் அரசு மருத்துவமனை மாத்திரை இருந்தால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். இரண்டு மாநிலத்து அட்டையும் வைத்திருக்கும் எல்லைக்கார மக்கள் கமெண்டில் கையைத் தூக்குங்கள்.

கேரளம் இந்த மாதிரியை எடுத்துத் தனக்கென ஒரு மருத்துவப் பணிகள் கழகத்தை 2007-ல் அமைத்தது. 'ஆரோக்கியத்தில் நாங்கள்தான் முதலிடம்' என்று காலரைத் தூக்கிவிடும் நம் பாலக்காட்டு நண்பர்களிடம் இதை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். சண்டைக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

ஆனால் முறை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. பெருந்தொற்றின் தொடக்கத்தில் அதே கேரளக் கழகம் வாங்கிய பிபிஇ கிட்களை, அதாவது மருத்துவப் பணியாளர்களின் பாதுகாப்பு உடைகளைப் பற்றி 2025 ஜனவரியில் வந்த சிஏஜி என்கிற அரசுக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, அதிக விலை கொடுத்ததில் 10.23 கோடி ரூபாய் கூடுதல் செலவு என்றது. அன்றைக்குச் சந்தையில் சரக்கே இல்லை, உயிர்தான் முக்கியம் என்றது அரசு. இரண்டு பேச்சிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனாலும் அவசரம் என்று சொல்லும்போதுதான் பில்லை இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

இப்போது மறுபடி 2021 மே. தடுப்பூசியை மாநிலங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று மத்திய அரசு கதவைத் திறந்துவிட்டது. பொள்ளாச்சிச் சந்தையில் ஒரே மாட்டுக்கு அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்று ஏலம் கேட்டால் யாருக்கு லாபம்? மாட்டுக்காரனுக்குத்தான். கூட்டாக வாங்கினால் விலை இறங்கும் என்று கால் நூற்றாண்டாக நாட்டுக்கே காட்டிய தமிழ்நாட்டுக் கழகம், 3.5 கோடி டோஸுக்கு உலக டெண்டர் விட்டது. ஒரு கம்பெனிகூட விலை சொல்லி வரவில்லை. திறமை இல்லாமல் இல்லை. விற்கிறவனுக்கு வாசலில் முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது, அவன் எதற்கு ஒரு மாநிலத்துக்குத் தலையாட்ட வேண்டும்?

ஜூன் 7-ம் தேதி பிரதமர் தொலைக்காட்சியில் வந்தார். ஜூன் 21 முதல் 75 சதவீதத்தை மத்திய அரசே வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாகத் தரும் என்றார். சுற்றிவிட்டு, மத்திய அரசே வாங்கித் தந்த பழைய இடத்துக்கே வந்தாகிவிட்டது. மீதி 25 சதவீதம்? அது தனியார் மருத்துவமனைக்கு. அங்கே வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்து கோவிஷீல்டு ஒரு டோஸுக்கு 780 ரூபாய் வரை வாங்கலாம் என்று அனுமதி. 150-க்கும் 780-க்கும் நடுவில் யார் யாருக்கு எவ்வளவு போனது என்ற கணக்கை அடுத்த வீடியோவில் பிரிக்கிறேன். பெல் பட்டனை அமுக்கி வையுங்கள், அதற்கு மட்டும் மூன்று விலை கிடையாது.