பெட்டியைப் போட்டுட்டு, கையை வீசிட்டு ஏறுங்க

நடுவர் அவர்களே, கோயில் கொடைக்கு வந்திருக்கிற பெரியவங்களே, தாய்மார்களே, அடுத்த நிகழ்ச்சிக்காக மேடைக்குப் பின்னால காத்திருக்கிற வில்லுப்பாட்டுக் குழுவினரே, எல்லாருக்கும் வணக்கம்.

"விமானப் பயணத்துக்கு ஏற்றது கையோடு கொண்டுபோகும் பையா, கவுன்ட்டரில் போடும் பெட்டியா?" இதுதான் இன்னைக்குப் பட்டிமன்றத் தலைப்பு. எதிரணித் தலைவர் அண்ணாச்சி பையின் பக்கம் நின்னு பேசுனாவ. பெட்டியைப் போட்டா தொலைஞ்சு போகும், பெல்ட் முன்னால நின்னு கால் கடுக்கும், உள்ள இருக்கிறது ஒழுகி உடைஞ்சு வரும்னு மூணு குற்றச்சாட்டு வச்சாவ. "ஏழு கிலோவுக்குள்ள அடங்கத் தெரியாதவனுக்கு விமானம் எதுக்கு"ன்னு ஒரு கேள்வியும் போட்டு, கைதட்டலும் வாங்கிட்டுப் போயிட்டாவ.

சரி அண்ணாச்சி, கைப்பைக்கு விடுற அந்த ஏழு கிலோவை முதல்ல தராசுல வைப்போம். சக்கரம் வச்ச டிராலி காலியாவே ரெண்டரை, மூணு கிலோ இருக்கும். சார்ஜர், மருந்து, தண்ணி பாட்டில், ஒரு மாத்துத் துணி, இதுக்கு ரெண்டு கிலோ. மிச்சம் ரெண்டு. அதுல ஒரு கிலோ அல்வா ரெண்டு பொட்டலம் வச்சா முடிஞ்சுபோச்சு. அத்தைக்கு வாங்கின சேலை எங்க? உடன்குடி கருப்பட்டி எங்க? அளவும் சும்மா இல்ல. நீளம் 55, அகலம் 35, கனம் 25, மூணையும் கூட்டினா 115 சென்டிமீட்டர். சக்கரமும் கைப்பிடியும் அந்தக் கணக்குலதான் சேரும். கடைக்காரர் பெட்டியோட உடம்பை மட்டும் அளந்து சொல்லியிருப்பார். அளவுச் சட்டத்துக்குள்ள விட்டா சக்கரம் வெளிய நிக்கும்.

இந்தப் பக்கம் பாருங்க. உள்நாட்டுல பெரும்பாலான சாதா டிக்கெட்ல 15 கிலோ பெட்டிக்கான காசு ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கு. காசைக் கட்டிட்டு, ஏழு கிலோவுக்குள்ள மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போறதுக்குப் பேரு சிக்கனமா? பெட்டி இல்லாத மலிவு டிக்கெட்டும் இருக்கு, ஒத்துக்கிடுதேன். ஆனா அதை எடுத்துட்டு கவுன்ட்டர்ல போய் பெட்டியை நீட்டினா, வாங்கின தள்ளுபடி அங்கேயே போயிரும். தேவைன்னு தெரிஞ்சா முன்கூட்டியே ஆன்லைன்ல எடையைச் சேர்த்திருங்க. கவுன்ட்டர் விலை அதைவிடக் கூடுதல்.

இப்போ வாகைக்குளத்துக்கு வாங்க. நம்ம தூத்துக்குடி விமான நிலையம். ஓடுபாதையை நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாச்சு. ஆனா இத்தனை வருஷமா நமக்குப் பழக்கமானது ஏடிஆர் 72 ரகம். ரெண்டு பக்கமும் காத்தாடி, வரிசைக்கு ரெண்டும் ரெண்டுமா நாலு சீட்டு, மொத்தம் எழுபத்தெட்டு பேர் வரை. அந்த விமானத்துல பெட்டி கீழ போறதே இல்ல நடுவர் அவர்களே! பைலட் அறைக்குப் பின்னால ஒரு சாமான் அறை இருக்கு. பெட்டி முன்கதவு வழியா ஏறும், ஆள் பின்கதவுப் படிக்கட்டு வழியா ஏறணும். தலைக்கு மேல இருக்கிற தட்டு நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு அண்ணன் மாதிரி. பெரிய விமானத்துக்குன்னு வாங்கின டிராலி அதுல நுழையாது.

நுழையலேன்னா என்ன ஆகும்? படிக்கட்டுப் பக்கத்துல நிக்கிற ஊழியர் ஒரு சீட்டைக் கட்டி, "இதை இங்க வச்சிருங்க சார்"ம்பார். அப்பதான் வேடிக்கை. அந்த டிராலிக்குள்ளதான் பவர் பேங்க், சர்க்கரை மாத்திரை, வீட்டுச் சாவி, லேப்டாப் எல்லாம் இருக்கு. பவர் பேங்க் சாமான் அறைக்குப் போகவே கூடாது, அது விதி. உச்சி வெயில்ல தார்த்தளத்துல குத்தவச்சு, ஜிப்பைத் திறந்து, மேல கிடக்கிற பனியனைத் தள்ளிட்டுத் தேடணும். பின்னால எழுபது பேரு நிப்பான். அவசரத்துல பவர் பேங்கை எடுப்பாவ, மாத்திரையை விட்டுருவாவ. தடுக்கணும்னு நினைச்ச எல்லாமே கடைசியில நடந்துருது, அதுவும் ஆயத்தம் இல்லாம. வீட்டுலயே பிரிச்சு வச்சு, பெட்டியை முறையாக் கவுன்ட்டர்ல போட்டவர் தோள்ல ஒரு சின்னப் பையோட படியேறிப் போயிருவார்.

பெரிய விமானத்துலயும் கதை அதிகம் மாறாது. நூத்தி எண்பது பேரும் ஆளுக்கொரு டிராலி கொண்டுவந்தா, மேல்தட்டு அத்தனைக்கும் காணாது. கடைசி வரிசையில ஏறுறவர் பெட்டி எங்கேயோ பதினஞ்சு சீட் தள்ளி இருக்கும். இறங்கும்போது கூட்டத்தை எதிர்த்து நீச்சலடிக்கணும்.

அடுத்தது எக்ஸ்ரே. நம்ம ஊர்ச் சாமானுக்கும் அந்த மெஷினுக்கும் ஜென்மப் பகை. உயிர்ப்பொருள் எல்லாம் அதுல ஆரஞ்சு நிறமாத் தெரியும். சர்க்கரை, மாவு, நெய் மட்டும் இல்ல, வெடிமருந்தும் அந்த நிறவரிசையில்தான் வரும். கட்டியா, அடர்த்தியா, ஒரே சீரா ஒரு ஆரஞ்சுப் பாளம் தெரிஞ்சா பையை ஓரமா ஒதுக்கித்தான் ஆகணும், அது அவங்க வேலை. ரெண்டு கிலோ அல்வாவும் ஒரு சிப்பம் கருப்பட்டியும் அடுக்கி வச்ச பை எப்படித் தெரியும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

வெளிநாடுன்னா இன்னொரு சிக்கல். நீர்மம், கூழ், பசை எதுவா இருந்தாலும் 100 மில்லிக்கு மேற்பட்ட டப்பா கைப்பையில கூடாது. எல்லாம் சேர்த்து உள்ள இருக்கிறது தெரியுற ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பைக்குள்ள அடங்கணும். நம்ம அல்வா கட்டியா, கூழா? கையில எடுத்தா வழுக்கும், வாயில போட்டா கரையும், இலையில வச்சா நிக்கும். இதுக்குத் தீர்ப்புச் சொல்ல நம்ம நடுவராலயே முடியாது, பாதுகாப்பு அதிகாரி கூழ்னு சொன்னா அத்தோட சரி. மிளகாய்ப்பொடி கைப்பையில கூடாது. மிளகாய் சேர்ந்த இட்லிப் பொடி அன்னைக்கு நிக்கிறவரோட தீர்மானம். அரிவாள்மணையும் தேங்காய்த் துருவியும் பையில போகாது, பெட்டியில துணி சுத்திப் போகும். உரிச்ச தேங்காயும் பெட்டிக்குத்தான். சபரிமலை போறவங்க இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக 2024 அக்டோபர்லதான் தனியா அனுமதி குடுத்தாங்க, அதுவும் 2025 ஜனவரி 20 வரை மட்டும். கொப்பரைத் தேங்காயும் கற்பூரமும் ரெண்டுலயும் கூடாது. எண்ணெய் நிறைஞ்ச கொப்பரை தானாச் சூடேறித் தீப்பிடிக்கிற சரக்கு வகையில இருக்கு. இதைத் தெரியாம பிரசாதக் கூடையில வச்சு அனுப்பித்தான் பாதிப் பெட்டிகளைத் திறக்க வைக்கோம்.

இப்ப அண்ணாச்சி குற்றச்சாட்டுக்கு வாரேன். ஒழுகும்னு சொன்னாவ. ஏன் ஒழுகுது? மேல போகப் போக விமானத்துக்குள்ள காத்தழுத்தம் குறையும். எட்டாயிரம் அடி மலைமேல இருக்கிற அளவுக்குக்கூடப் போகும், அதாவது தரையில இருக்கிறதுல முக்கால் பங்கு. பாட்டிலுக்குள்ள மாட்டிக்கிட்ட காத்து மூணுல ஒரு பங்கு விரியும். விரிஞ்ச காத்து எண்ணெயைத் தள்ளும், மூடி இடுக்குல வெளிய வரும். இது பெட்டியில மட்டும் நடக்கிறதில்ல, பயணிகள் இருக்கிற இடத்துலயும் சாமான் அறையிலயும் அழுத்தம் ஒண்ணுதான். தலைக்கு மேல தட்டுல ஒழுகினா பக்கத்து சீட்டுக்காரர் சட்டையில விழும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வழி இருக்கு. நல்லெண்ணெய்க்குக் கண்ணாடி பாட்டில் வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டிலை மூடுறதுக்கு முன்னால வயித்தைக் கொஞ்சம் அமுக்கி, காத்தை வெளியேத்திட்டு மூடுங்க, விரியுறதுக்கு இடம் கிடைக்கும். வாய்க்கு மேல ஒரு பாலித்தீன் துண்டு, அதுக்கு மேல மூடி, மூடியைச் சுத்தி டேப், ரெண்டு ஜிப் கவர், அதைச் சுத்தி ஒரு துண்டு. பெட்டிக்கு நடுவுல வைங்க, ஓரத்துல வைக்காதீங்க, நாலு பக்கமும் துணி இருக்கணும். அல்வாவைக் கடைப் பொட்டலத்தோட அப்படியே போடாதீங்க. வெயில்ல வண்டியில காத்துக் கிடக்கும்போது நெய் இளகிக் காகிதத்தைத் தாண்டும். பொட்டலத்தை ஜிப் கவர்ல போட்டு, கிளிப் வச்ச டப்பாவுக்குள்ள வைங்க. ஒண்ணுமேல ஒண்ணு அடுக்காம ஒரே வரிசையாப் பரப்பினா, அந்த ஆரஞ்சுப் பாளச் சந்தேகமும் குறையும். கருப்பட்டிக்கு எதிரி ஈரம். ஓலைப்பெட்டியோட அழகா இருக்கும்னு அப்படியே வைக்காதீங்க, அதையும் காத்துப் புகாத கவருக்குள்ள போடணும். மக்ரூன் விஷயத்துல மட்டும் அண்ணாச்சி ஜெயிச்சுட்டாவ. தூத்துக்குடி மக்ரூனைப் பெட்டியில போட்டா போய்ச் சேரும்போது பொடிதான் இருக்கும். அதைக் கையில எடுத்துக்கோங்க. திருச்செந்தூர் பன்னீர் இலை விபூதியும் கையோடதான்.

வளைகுடாவுக்குத் திருவனந்தபுரம் வழியாப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. அட்டைப்பெட்டி நல்லதுதான், சூட்கேஸ் தின்கிற மூணு நாலு கிலோ மிச்சம். ஆனா கயிறு கட்டித் தொங்க விடாதீங்க, ஓடுற பெல்ட்ல மாட்டி இழுக்கும். டேப் போதும். துபாய் விமான நிலையம் 2017-லயே ஒரு பக்கமாவது தட்டையா இல்லாத உருண்டை மூட்டைகளை எடுக்கிறதில்லன்னு சொல்லிட்டு. பத்தமடைப் பாயைச் சுருட்டிக் கொண்டுபோறவங்க நீளமான சதுர அட்டைக்கூட்டுக்குள்ள விட்டா பிரச்சினை தீர்ந்தது. எடை எத்தனை மிச்சம் இருந்தாலும் ஒரே பெட்டியில 32 கிலோவைத் தாண்ட விடமாட்டாங்க. தூக்குறவர் இடுப்புக்காக வச்ச வரம்பு அது.

தொலையுறதைப் பத்திச் சொல்லுதேன். நேரடி விமானத்துல பெட்டி தொலையுறது அபூர்வம். விமானம் மாறுற இடத்துலதான் சிக்கல் வரும். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வேற டிக்கெட்னு தனித்தனியா எடுத்தா, பெட்டி தானா மாறும்னு நம்பாதீங்க. சென்னையில பெல்ட்ல எடுத்து, பன்னாட்டு முனையத்துல மறுபடி போடணும். அதுக்கு நேரம் விட்டு டிக்கெட் போடுங்க. கவுன்ட்டர்ல சீட்டு ஒட்டும்போது, போய்ச் சேர்ற விமான நிலையத்தோட மூணெழுத்துக் குறியீட்டைப் பாருங்க. டி.சி.ஆர். தூத்துக்குடி, எம்.ஏ.ஏ. சென்னை, ஐ.எக்ஸ்.எம். மதுரை, டி.ஆர்.வி. திருவனந்தபுரம். போன பயணத்துப் பழைய சீட்டைக் கிழிச்சுப் போடணும். மெஷின் பழைய பட்டைக்கோட்டைப் படிச்சா பெட்டி பழைய ஊருக்குக் கிளம்பிரும். கவுரவத்துக்காக அந்தச் சீட்டுகளைச் சேர்த்து வச்சிருக்கிறவங்க நம்ம ஊர்ல இருக்காவ! பேரும் போன் நம்பரும் வெளியில ஒண்ணு, உள்ளுக்குள்ள ஒண்ணு. மூடுறதுக்கு முன்னால ஒரு போட்டோ.

அதுக்கும் மேல பெட்டி வரலேன்னா, விமான நிலையத்தை விட்டு வெளிய வராதீங்க. பெல்ட் பக்கத்துலயே புகார்ப் படிவம் எழுதி, எண்ணை வாங்கிட்டு வாங்க. பன்னாட்டுப் பயணத்துக்கு 1999 மான்ட்ரியல் உடன்படிக்கை இருக்கு. சேதம்னா பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ள எழுத்துல குடுக்கணும். தாமதம்னா கைக்கு வந்ததிலிருந்து 21 நாள். 21 நாளாகியும் வரலேன்னா தொலைஞ்சதாக் கணக்கு. பொறுப்பின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஆளுக்கு 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது பன்னாட்டு நாணய நிதியத்தோட கணக்கு அலகு. ரூபாய்ல ஒண்ணரை லட்சத்துக்கு மேல வரும். மேல்தட்டுல வச்ச பையை வேற ஆள் மாத்தி எடுத்துட்டுப் போனா, விமானக் கம்பெனி தப்புன்னு நிரூபிக்கிற பாரம் உங்க தலையில. பெட்டிக்கு ரசீது இருக்கு, பைக்கு இல்ல.

நகை, பணம், பாஸ்போர்ட், மருந்து, சாவி, பவர் பேங்க் இதெல்லாம் தோள்பையில. அதுக்கு ரெண்டு கிலோ போதும். பவர் பேங்க் 100 வாட்-அவர் வரைக்கும் கேள்வியில்லாமப் போகும். 20,000 எம்.ஏ.எச்.னா 3.7 வோல்ட்டால பெருக்கி ஆயிரத்தால வகுங்க, 74 வாட்-அவர் வரும், சரிதான். அதையும் மேல்தட்டுல வைக்காம காலடியில வைங்க. 2025 ஜனவரியில தென்கொரியாவோட பூசான்ல, கிளம்புறதுக்கு முன்னால நின்ன விமானம் மேல்தட்டுலருந்துதான் தீப்பிடிச்சு எரிஞ்சது. கண் முன்னால இருந்தா புகை வந்ததும் தெரியும், தண்ணி ஊத்திக் குளிர வைக்கலாம்.

மணி அடிச்சுட்டாங்க நடுவர் அவர்களே. உள்நாட்டுக் கவுன்ட்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால மூடிரும், அதுக்குள்ள வரிசையில நில்லுங்க. அந்தப் பிரசாதக் கூடையைத் திறந்து, கொப்பரையை மட்டும் எடுத்து வெளிய வச்சிருங்க. வணக்கம்.